காட்டுமாடு போன திசை

பிப்ரவரி 4, செவ்வாய். கோயம்புத்தூர்

மகளைப் பார்க்க வந்திருக்கிற இடத்தில், துணி உலர்த்த உதவி வேண்டும் என்று செண்பகா என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். துணி ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. அதைக் கவனித்ததுமே வேறு ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். வால்பாறைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் என் மகளுக்கு இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், என்ன தின்கின்றன, எங்கே தூங்குகின்றன, எதற்காகச் சண்டை போடுகின்றன என்று அவற்றின் பின்னாலேயே நடந்து பார்த்து எழுத வேண்டும். மலையிலேயே தங்க வேண்டும். மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம். ஆனால் அதைத் தன் அப்பாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"மாமாகிட்ட நீங்கதான்ப்பா கேக்கணும்."

"நானா?"

"பொண்ணு குடுத்தவங்க முறையா கேட்டாத்தான் அவங்களுக்கு மரியாதை. நான் கேட்டா, 'எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்து நிக்கியா'ன்னு சத்தம் போடுவாங்க."

"என்கிட்டயும் சத்தம் போட்டா?"

அவள் காய்ந்த துணியை மறுபடியும் உதறிக் கொடியில் போட்டாள்.

சம்பந்தி குற்றாலிங்கம் தென்காசிக்காரர். இங்கே ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மில்லை விட்டு வெளியே வந்த பிறகும் இறங்கவே இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் குழாயைத் திறக்கிறார்கள். நல்ல மனிதர். நான் பாளையங்கோட்டையில் வேதியியல் நடத்தியவன். மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் என் குரல் போனதாகத் தகவல் இல்லை. எதிரில் இருப்பவர் குரலை உயர்த்திவிட்டால் என் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். மீதிப் பாதி படுத்த பிறகுதான் ஞாபகம் வரும்.

இதற்காகவே செண்பகா ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அவளும் நானும் சம்பந்தியும் மலைக்குப் போய் ஓர் எஸ்டேட் மைதானத்தில் தங்கி விலங்குகளைப் பார்ப்போம். இடத்தைப் பார்த்தால் மாமாவின் மனம் இளகிவிடும், அந்தச் சமயம் பார்த்து நான் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் திட்டம். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லையாம். விடுப்பு கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

பெண்கள் இருவரும் வர மறுத்துவிட்டார்கள். "வீட்டையே சக்கரத்துல வச்சு மலைக்கு இழுத்துட்டுப் போயி, அங்கேயும் நாங்கதான் தோசை சுடணுமாக்கும்?" என்றார் சம்பந்தியம்மா. என் மனைவி ஆவுடை ஒரு டின் நிறைய முறுக்கு சுற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

பேச வேண்டியதை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கொண்டேன். முதல் பகுதி நலம் விசாரிப்பு. அது மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன். வால்பாறைக்கு அருகில்

ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சம்பந்தி ஓட்டுநருக்கு வழி சொன்னார். "வளைங்க! அப்படியே வளைங்க!" ஓட்டுநர் திருமூர்த்தி பொள்ளாச்சிக்காரர், பொறுமைசாலி. "வளையாம எங்கீங்க போறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

விலங்குகளைக் குறித்துக் கொள்வதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது, என்ன தின்றது, எந்தத் திசையில் போனது. மூன்றும் தெரிந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. இல்லாவிட்டால் கண்ணில் பட்டது என்று மட்டும்தான் சொல்லலாம். இன்றைய வரவு:

வரையாடு. வந்தது: பாறைச் சரிவிலிருந்து. தின்றது: சாலையோரப் புல். போனது: சம்பந்தி கண்ணாடியை இறக்கி "ஏ, ஆடு!" என்றதும், நேரே மேலே.

தங்கும் இடம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பழைய பந்து மைதானம். ஒரு பக்கம் சோலைக்காடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு இறங்கிப் பள்ளத்துக்குப் போகிறது. வண்டியிலிருந்து ஒரு துணிப்பந்தலை இழுத்துவிட்டு அதன் நிழலில் மடக்கு நாற்காலிகள் போட்டார் திருமூர்த்தி. அவர் எஸ்டேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக் கொள்வார். போகுமுன் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்: "கதவைச் சாத்தியே வெச்சுக்கோங்க. மந்தி வந்துச்சுன்னா உள்ளே வர உத்தரவெல்லாம் கேக்காதுங்க."

வண்டிக்குள் கீழே அகலமான ஒரு படுக்கை, மேலே ஒடுக்கமான ஒரு பரண், சாப்பாட்டு மேஜையை ஒட்டி ஒரு பலகை. கீழ்ப் படுக்கையை நான் சம்பந்திக்குக் கொடுத்தேன். அவர் எனக்குக் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க படுக்காம நான் படுத்தா நாளைக்கு எவன் என்ன சொல்லுவான்?" என்று அவர் காடு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுத்துக் கொண்டிருந்ததில் செண்பகா அதில் படுத்துத் தூங்கிப் போனாள். சம்பந்தி பலகையில் படுத்தார். நான் பரணில் இருக்கிறேன். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறது. படுத்தபடியே எழுதுவதால் எழுத்து கோணல்.

பிப்ரவரி 7, வெள்ளி. காலை

முதலில் எழுந்தது நான்தான். பனி கலையவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக் கொண்டு, கண்ணாடியைப் பார்த்து நான்கு பகுதிகளையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் பகுதியில் இருந்தபோது கதவு அதிர்ந்தது.

"சார்வாள்! உள்ள யாரு கூடப் பேசிக்கிட்டு இருக்கீக?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. ஒரு சுலோகம்."

"சீக்கிரம் சொல்லி முடிங்க! எனக்கும் சுலோகம் வந்துட்டு!"

செண்பகா டீ போட்டுக் கொடுத்தாள். பந்தலுக்குக் கீழே மூவரும் கால் நீட்டி உட்கார்ந்து குடித்தோம். பனி விலக விலக, எதிரே உள்ள அத்திமரம் கிளை கிளையாக வெளியே வந்தது. எனக்கு இந்த மாதிரிச் சும்மா இருக்கிற நேரம் பிடிக்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை.

மலையணில். வந்தது: பலா மரத்திலிருந்து, தாவி. தின்றது: ஏதோ ஒரு கொட்டை, தெரியவில்லை. போனது: சம்பந்தி தும்மியதும், வந்த வழியே.

இருவாச்சி, ஒரு ஜோடி. வந்தது: காட்டுக்கு மேலாக. இறக்கையின் இரைச்சல் முதலில் கேட்டது, பறவை பிறகுதான் தெரிந்தது. தின்றது: அத்திப்பழம். ஆண் பறவை ஒரு பழத்தை அலகில் தூக்கிப் போட்டுப் பிடித்தது. செண்பகா தொலைநோக்கியைச் சம்பந்தியின் கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது. இதுதான் அந்தச் சமயம் என்று செண்பகா என் காலை மிதித்தாள். போனது: சம்பந்தி "ஏயப்பா!" என்றதும், கிழக்கே.

இட்லி சாப்பிட்டதும் திருமூர்த்தி ஒரு ஜீப்போடு வந்தார். பால் வாங்கி வருவதாகச் சொல்லிச் செண்பகா அதில் ஏறினாள். பால் பாக்கெட் குளிர்பெட்டியில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். பிள்ளையைப் பரீட்சை அறையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் தலையசைப்பார்கள்.

சம்பந்தி குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். வருகிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி. பிற்பகல்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். என் ஞாபகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

சம்பந்தி வேட்டியும் பனியனுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதல் பகுதியைத் தொடங்கினேன்.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு சம்பந்தி?"

"நேத்தையில இருந்து இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீக! எனக்கு என்ன செய்யும்? டாக்டர் உங்ககிட்ட எதும் சொன்னானா?"

உடனே இரண்டாம் பகுதிக்குப் போனேன். "இந்தக் காலத்துல பெண்கள்..."

"பெண்களுக்கு என்ன!"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பலா மரத்தில் திரும்பி வந்திருந்த அணில் போய்விட்டது. என் வாக்கியமும் கூடவே போய்விட்டது.

அப்போதுதான் பந்தலின் ஓரத்தில் வெளிச்சம் குறைந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். காட்டுமாடு. வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நான்கு கால்கள். அதற்கு மேலே ஒரு சுவர். சுவருக்கு மேலே ஒரு மைனா. எங்களுக்கும் வண்டியின் கதவுக்கும் நடுவில் அது நின்றது. கதவு திறந்திருந்தது. சாத்த மறந்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

பின்பக்கம் கூரைக்குப் போக ஓர் ஏணி இருக்கிறது. இருவரும் நாற்காலியைவிட்டு நழுவி அங்கே போய்ச் சேர்ந்தோம்.

"ஏறுங்க சார்வாள்."

"ஐயையோ, நீங்க முதல்ல."

"அதெப்படி? வயசுல நீங்க மூத்தவுக."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கீழ நிக்கும்போது நான் எப்படி..."

"சொன்னாக் கேளுங்க, ஏறுங்க!"

"நீங்க ஏறினா நான் பின்னாலயே..."

காட்டுமாடு மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. யார் முதலில் ஏறினோம் என்று சொல்வது கடினம். அந்த ஏணி ஓர் ஆளுக்கானது. அதில் இருவரும் ஒன்றாக ஏறினோம்.

கூரையின் நடுவில் ஏ.சி. பெட்டி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சம்பந்தி, பள்ளத்தைப் பார்த்தபடி. இந்தப் பக்கம் நான், காட்டையும் ஏணியையும் பார்த்தபடி. சம்பந்தி கையைக் குவித்து "திருமூர்த்தீ!" என்று ஒரு குரல் கொடுத்தார். காட்டுமாடு தலையை நிமிர்த்தி ஏணிக்கருகில் வந்து நின்றது. சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அதன் பிறகு சம்பந்தி கிசுகிசுப்பாகப் பேசத் தொடங்கினார். அவர் கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை. ஒரு விதத்தில் நல்ல குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வெட்கம்.

"இப்ப என்ன செய்ய, சார்வாள்?"

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், சம்பந்தி" என்றேன்.

நான்கு பகுதிகளும் வந்தன. வரிசையாக வரவில்லை, நான்காவது முதலில் வந்தது. ஆனாலும் எல்லாம் வந்தன. வேலை, இரண்டு வருடம், திங்கட்கிழமை. யாரும் குறுக்கே கத்தவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் நானே கொண்டு போய்ச் சேர்த்தேன்.

சம்பந்தியின் கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தார். கீழே பார்த்தார். வாயை மூடிக் கொண்டு, பிறகு கிசுகிசுத்தார்.

"இது எம் மவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சங்கரவடிவுக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கும் தெரியும்."

"உங்க வீட்ல?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது. என்னைய என்ன பேயின்னு நெனச்சீகளா எல்லாரும்?"

"பேயின்னு இல்ல, சம்பந்தி. சத்தம்தான்."

இதை நான் சொன்னேன் என்று இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அங்கே வேறு யாரும் இல்லை.

 கீழே வண்டிக்குள் டின் உருளும் சத்தம் கேட்டது. கூரையில் காற்றுக்காக ஒரு கண்ணாடி மூடி உண்டு. அதன் வழியே இருவரும் குனிந்து பார்த்தோம். இரண்டு பேரும் வேண்டாம் என்று விட்டுக் கொடுத்த அந்தக் கீழ்ப் படுக்கையில் ஒரு சோலைமந்தி உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, சிங்கத்துக்கு இருப்பது போல வால் நுனியில் ஒரு குஞ்சம். ஆவுடையின் முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, உடைத்து, குட்டிக்குப் பாதி கொடுத்துத் தின்று கொண்டிருந்தது.

"இதுகளப் பாக்கதுக்கா ரெண்டு வருசம்?" என்றார்.

"ஆமா."

"முறுக்க மோந்து பாத்துத்தான் திங்கு, பாத்தீகளா. உப்புக் கூடிட்டோ என்னமோ." கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தக் குட்டி அம்மா கையப் பிடிச்சு இழுக்கத பாருங்க. எனக்கும் பேரன் பேத்தின்னு ஒரு ஆச இருக்கு. வாயத் தொறந்து கேக்கக் கூடாதுன்னு சங்கரவடிவு சட்டம் போட்டுருக்கா."

"எங்க வீட்லயும் அதே சட்டம்தான்."

இந்த இடத்தில், மாட்டின் முதுகில் இருந்த மைனா பறந்து வந்து ஏணியின் மேல்படியில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தால், சரிவில் வெகு கீழே தேயிலைச் செடிகள் அசைந்தன. காற்றாக இருக்கலாம். பேச்சு முக்கியமான கட்டத்தில் இருந்ததால் நான் எதுவும் சொல்லவில்லை. சம்பந்தியும் பள்ளத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கால்களை இன்னும் வசதியாக நீட்டிக் கொண்டு, முன்பைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவ போயிட்டா வீட்ல ஒரு சத்தம் இருக்காது, சார்வாள்."

"நீங்க இருக்கீங்களே."

"நான் போடுத சத்தத்துக்குப் பதில் சொல்லுதது அவ ஒருத்திதான். மத்ததுக எல்லாம் 'சரி, சரி'ன்னுட்டு உள்ள போயிரும். அவதான் எதுக்க நின்னு, 'மாமா, சத்தமாச் சொன்னாலும் தப்பு தப்புதான்'ம்பா. சாயங்காலம் நியூஸ் பாக்கையில அவ இல்லாட்டா யாரு கூடச் சண்ட போட? எம் மவன் கூடவா? அவன் சண்டைக்கே வரமாட்டான். உங்கள மாதிரி."

 "நான் போன்ல வேணா சண்டை போடுறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் குலுங்கியது. அந்த மைனா என்ன நினைத்ததோ தெரியாது.

"சரி, போகட்டும்" என்றார் பிறகு. "ஆனா மாசம் ஒருக்க நான் வந்து தங்குவேன். வேண்டாங்கக் கூடாது. நீங்களும் வரணும்."

"வர்றேன்."

"கீழ்ப் படுக்கை உங்களுக்குத்தான்."

"இல்லையில்ல, உங்களுக்கு..."

இதற்கும் பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. இருவாச்சிகள் திரும்பி வந்து பழம் தின்றன. யாரும் எதையும் துரத்தவில்லை.

முறைப்படி குறித்து வைக்கிறேன். காட்டுமாடு. வந்தது: சோலைக்காட்டின் விளிம்பிலிருந்து, சத்தமில்லாமல். தின்றது: வண்டியோரத்துப் புல், பிறகு என் நாற்காலியில் கிடந்த துண்டின் ஒரு முனை. போனது: கவனிக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. அந்தி நேரம்

விட்டுப்போன ஒன்று. ஜீப் திரும்பி வந்தபோது நாங்கள் கூரைமேல்தான் இருந்தோம். செண்பகா கையில் பால் இல்லை. திருமூர்த்தி இறங்கி எங்களை அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க சார், மேலயா உக்காந்திருக்கீங்க?"

"காட்டெரும வந்துட்டுய்யா!" என்றார் சம்பந்தி. பழைய குரல் திரும்பிவிட்டது. இருவாச்சிகள் கிளம்பின.

"அந்த ஒத்தை மாடுங்களா? அது அப்பவே பள்ளத்துல எறங்கி தோட்டத்துக்காரங்க லயத்து வீடுங்க பக்கமாப் போயிருச்சுங்களே. நாங்க மேலே இருக்கற ரோட்டுல இருந்து பாத்தமுங்க. நீங்க ரெண்டு பேரும் பாட்டுக்கு மேல உக்காந்து பேசிட்டு இருந்தீங்க. சரி, காத்து வாங்கறாங்களாட்ட இருக்குதுன்னு..."

ஏணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் நான்தான். மாடு பள்ளத்தில் இறங்கியது என்றால் சம்பந்தி ஒருவேளை என்னைத் தப்பாக நினைத்து, கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக் கொள்வாரோ என்று பயந்தேன். செண்பகாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அது வேற மாடு!" என்று சம்பந்தி கத்தினார்.

"இல்லீங்க, அதே..."

"வேற மாடுங்கேன்ல! எங்க மாடு இங்கனதான் நின்னுக்கிட்டு இருந்துது. கேளுங்க சார்வாள்கிட்ட!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வேற மாடா இருக்கலாம்" என்றேன். சம்பந்திக்கு இது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவர் ஏணியில் இறங்கினார். இந்தத் தடவை யார் முதலில் என்று ஒன்றும் பார்க்கவில்லை. கீழே போய் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு செண்பகாவைக் கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கியே, இந்த மந்திகளப் பத்திப் படிக்க இங்கன ஒரு வேலையும் கிடையாதா? எல்லாத்தையும் நானே எடுத்துச் சொல்லணுமா?"

செண்பகா என்னைப் பார்த்தாள். நான் அத்திமரத்தைப் பார்த்தேன். அதில் பறவை ஒன்றும் இல்லை.

வண்டிக்குள் போய்ப் பார்த்தால் முறுக்கு டின் காலி. படுக்கையில் தூள். அதைத் தட்டும்போது செண்பகா ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டு வருடக்கணக்காகிறது.

பிப்ரவரி 8, சனி. கோயம்புத்தூர்

இறங்கும்போது சம்பந்தி வழி சொல்லவில்லை. தூங்கிக் கொண்டு வந்தார். வளைவுகளில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. நான் நகரவில்லை. நேர்மை என்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துக் கொண்டு வந்தேன். எதை முன்னிட்டு என்று எழுத வேண்டியதில்லை.

மாலை வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் கதவோரமாக வந்து நின்றார். தெருவே கேட்கும்படி சம்பந்தி கதை சொன்னார். அதில் காட்டுமாடுகள் ஒரு கூட்டமாக இருந்தன. முன்னால் நின்றது கொம்பைத் தாழ்த்தியது. சம்பந்தி என்னை ஒரு கையால் தூக்கி ஏணியில் வைத்துவிட்டு, மறு கையில் நாற்காலியைப் பிடித்துக் கொண்டு நின்றார். பிறகு கூரைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் மருமகளுக்கு இங்கே ஒரு வேலை இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதை என்னிடம் சொன்னார். நான் முதலில் தயங்கினேன். அவர்தான் எடுத்துச் சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்தார்.

"அப்படியாப்பா?" என்றாள் செண்பகா. அவள் கைப்பேசியில் பதிலை அனுப்பிவிட்டதை நான் வண்டியிலேயே பார்த்துவிட்டேன்.

"ஆமாம்மா" என்றேன். "சம்பந்தி சொன்னது சரிதான்னு எனக்கும் பட்டது."

மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து இரண்டடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக் கொண்டார். இருமல் என்றார்.

ஆவுடை மட்டும் அசையாமல் கேட்டுக் கொண்டிருந்தாள். என்னுடன் நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள். தெருவில் ஒரு பூனை போனால்கூட எந்தச் சந்தில் திரும்பியது என்று நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அது இருக்கட்டும்" என்றாள். "அந்த மாடு எப்பதான் போச்சு?"

"கவனிக்கலை" என்றோம் சம்பந்தியும் நானும், ஒரே நேரத்தில்.

சம்பந்தி அதை மெதுவாகத்தான் சொன்னார்.